இருநூற்று அறுபதாவது மீட்டர்

குழியை மூட எத்தனை லாரி மண் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்லத்தான் அவளை அனுப்பினார்கள்.

நகராட்சியில் அவள் அளவைப் பொறியாளர். பதினாறு வருட சர்வீஸ். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘தூக்குக்குண்டு’. ஆள் ஒல்லிக்குச்சிதான். ஆனால் புதிதாக எழும்பிய எந்தச் சுவரைக் கண்டாலும், பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நூலைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் அவளால் நகர முடியாது. ஒருமுறை தலைமைப் பொறியாளர் புது வீடு கட்டி, அலுவலகத்தார் எல்லோரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். இவள் வாசல் தூணில் நூலை விட்டுப் பார்த்து, “சார், ஒரு விரல்கடை சாஞ்சிருக்கு” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். விருந்தில் சாப்பிட்டதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தலைமைப் பொறியாளர் தூணை மறக்கவில்லை.

சுரங்கம் மூடி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. வேலைக்காரர்களை இறக்கி ஏற்றிய அந்தப் பிரதானக் குழி மட்டும், மேலே துருப்பிடித்த இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் இரண்டு பெரிய சக்கரங்களுமாக, வேலி போட்டுக் கிடந்தது. ஆறு மீட்டர் அகலம், நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழம், மேலிருந்து அடிவரை வட்டமாகச் செங்கல் சுவர். அந்தக் காலத்தில் மலைமேல் இருக்கும் இந்த ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது ஊர் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அங்கே பேருந்து நிலையம் கட்டுவதென்று முடிவாகி, குழியை நிரப்ப ஒப்பந்தக்காரரும் வந்துவிட்டார்.

அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கினால் பத்து நிமிடத்தில் விடை வந்துவிடும். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் லாரி. தலைமைப் பொறியாளர் அதைத்தான் எதிர்பார்த்தார். இவளோ, பழைய சுவர், எங்கெங்கே சரிந்திருக்கிறதோ யார் கண்டது, இறங்கி அளந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு நாள் தருவதாகச் சொல்லி, தொல்லை விட்டது என்று அனுப்பிவைத்தார்.

ஒப்பந்தக்காரரின் கம்பி சுற்றி இறக்கும் வின்ச்சில் மூன்று பேர் நிற்கக்கூடிய இரும்புக் கூடை ஒன்று இருந்தது. காற்றுப் பரிசோதிப்பவரும் அவளும் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு முன்பே குழியின் நடுவில் மெல்லிய எஃகுக் கம்பியில் நாற்பது கிலோ குண்டு ஒன்றைக் கட்டி அடிவரைக்கும் இறக்கி, அது ஊசலாடாமல் இருக்க ஒரு பீப்பாய் எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்திருந்தாள். அவள் வாழ்நாளில் தொங்கவிட்ட தூக்குக்குண்டுகளிலேயே பெரியது அது. பீப்பாயை வைக்கப் போனபோதே ஒரு விஷயம் அவளுக்கு வியப்பாக இருந்தது. பம்பு நின்று இருபத்திரண்டு வருடம். நியாயமாகக் குழியில் பாதிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அடியில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

பத்து மீட்டருக்கு ஒருமுறை கூடையை நிறுத்தி, கம்பியிலிருந்து சுவருக்கு நாலு திசையிலும் அளந்தாள். ஐம்பதாவது மீட்டரில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நூறாவதில் நாலு. சுவர் இவ்வளவு நேராக இருக்காது, டேப்பில்தான் கோளாறு என்று நினைத்து வேறு டேப்பை வரவழைத்தாள். அதுவும் அதையே சொன்னது. இருநூறைத் தாண்டும்போது ஏழு. இவ்வளவு ஆழத்துக்கு ஏழே மில்லிமீட்டர். கையால் வைத்த செங்கல். கீழே லேசர் கிடையாது, வெளிச்சம்கூட ஒழுங்காக இருந்திருக்காது. எந்தக் கொத்தனார் கூட்டம் இதைக் கட்டியது?

இருநூற்று அறுபதாவது மீட்டரில் டேப் வேறு கதை சொன்னது. சுவர் நூற்றுப் பத்து மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது. அடுத்த பத்து மீட்டரில் மறுபடி பழைய அளவு. அங்கிருந்து அடிவரை ஒரு பிசிறு இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்கும் சேர்த்து மொத்த விலகல் பதினாலு மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட இல்லை, அந்த ஒரு இடத்தைத் தவிர.

அறிக்கையின் முதல் பக்கத்தில் லாரி எண்ணிக்கையை எழுதினாள். இரண்டாம் பக்கத்தில், இந்தக் குழி ஒரு சாதனை என்றும், மூடுவதற்கு முன் பாரம்பரியச் சின்னக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதினாள். இருநூற்று அறுபதுக்கு வந்தபோது பேனா நின்றது. நாற்பத்தொரு அளவுகளில் ஒன்றே ஒன்று. அதை விட்டுவிட்டால் கேட்பதற்கு ஆள் கிடையாது; அறிக்கை கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உள்ளபடியே எழுதி, பக்கத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று குறித்தாள். ஊரார் சுவரையெல்லாம் நூல் விட்டுப் பார்த்தவள், தனக்கு வேண்டிய சுவருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அப்புறம் அந்தக் குண்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதற்கு அர்த்தமில்லை.

அந்த ஒரு வரியைத்தான் தலைமைப் பொறியாளர் பிடித்துக்கொண்டார். சுவர் வீங்கியிருக்கிறது, பாறை நெருக்குகிறது, எந்த நேரமும் இடியலாம், பக்கத்தில் குடியிருப்பு இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதி, வெள்ளிக்கிழமையே நிரப்பத் தொடங்க உத்தரவு வாங்கிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. பயப்படுவதற்கு அந்த அளவு போதும் என்பது இவளுக்கும் தெரிந்தது. அன்றைக்கே பாரம்பரியக் குழுவுக்குத் தானே விண்ணப்பம் அனுப்பினாள். வியாழக்கிழமை ஓர் அதிகாரியை அனுப்புவதாகப் பதில் வந்தது.

அன்று மாலை வழக்கம்போல அப்பா அம்மாவைப் பார்க்கப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அப்பா ஓய்வுபெற்ற கொத்தனார், வயது எழுபத்தொன்பது. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன என்பார். ஊரில் பாதி சுற்றுச்சுவர் அவர் கட்டியது. சின்ன வயதில் ஏழெட்டு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று அவளுக்குத் தெரியும். தொழிலாளர் குடியிருப்பு, கிடங்கு, அந்த மாதிரி ஏதாவது கட்டியிருப்பார் என்று அவளாகவே நினைத்திருந்தாள். போன வாரம் குழியை மூடப்போகும் சேதியைச் சொன்னபோதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆள் இறங்கத் தோண்டினது, ஆளே இறங்காதபோது திறந்து வைத்துக் காற்றா வாங்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

இன்று அவள் மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ‘சுவர் வீங்கியிருக்கு’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

“எந்தச் சுவரு?”

“ஷாஃப்ட்டுலப்பா. இருநூத்தி அறுபதாவது மீட்டர்ல. நூத்திப் பத்து மில்லிமீட்டர் உள்ள வந்திருக்கு.”

“வீங்கியிருக்குன்னு யாரு எழுதினது? நீயா?”

“நான் அளவை மட்டும்தான் எழுதினேன். வீக்கம்னு சொல்றது சீஃப்.”

“நாலு பக்கமும் எவ்வளவு?”

“நாலு பக்கமும் அதே அளவுதான்.”

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பாறை தள்ளினா, நாலு பக்கமும் டேப் வச்சு அளந்த மாதிரியா தள்ளும்? படிச்சவங்க இத்தனை பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குமா அது தோணலை?”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் தெரியவில்லை என்று எழுதிய கை, அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

“அது வீக்கம் இல்லை. அப்படித்தான் கட்டினோம்” என்றார் அப்பா.

“யாரு கட்டினது?”

“நாங்கதான்.”

பதினாறு கொத்தனார்கள், மூன்று வருடம், மரச்சட்டம் அடித்திருந்த பழைய குழியை ஆழப்படுத்தி மேலிருந்து அடிவரை செங்கல் வைத்தார்கள் என்று அம்மாதான் விவரம் சொன்னாள். அதில் வயதில் இளையவர் அப்பா. இதை ஏன் இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மகள் கேட்டதற்கு, அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“சுவர் கட்டினதைப் போய் என்னத்தைச் சொல்றது? கட்டினா நிக்கணும். நின்னுச்சு. அதோட முடிஞ்சுது.” பிறகு குரல் மாறியது. “ஆனா வீங்கியிருக்குன்னு ஒருத்தன் எழுதிவச்சுட்டு அதுமேல மண்ணைக் கொட்டுவான்னா, அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். வியாழக்கிழமை நானும் வரேன்.”

முழங்கால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். கூடையில் நிற்கத்தானே போகிறேன், நடக்கவா போகிறேன் என்றார்.

வியாழக்கிழமை காலை குழியருகே ஒரு சின்னத் திருவிழாக் கூட்டம். முன்னாள் சுரங்கக்காரர்கள் பலர் சேதி கேட்டு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் மண் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பாரம்பரியக் குழு அதிகாரி அதிகம் பேசாத மனிதர். வந்ததும் வராததுமாக அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்து, இருநூற்று அறுபதுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, இதைப் பார்க்க வேண்டும் என்றார். வயதானவரைக் குழிக்குள் இறக்க விதியில் இடமில்லை என்று தலைமைப் பொறியாளர் ஆட்சேபித்தார். அதிகாரி, பெரியவர் யார் என்று கேட்டார்.

“இந்தச் சுவரைக் கட்டினவர் சார். எங்கப்பா” என்றாள் அவள்.

அலுவலகத்தில் எத்தனையோ படிவங்களில் ‘தந்தை தொழில்: கொத்தனார்’ என்று எழுதியிருக்கிறாள். இன்றைக்கு அதை வாய்விட்டுச் சொன்னபோது குரல் தானாகவே உயர்ந்தது. வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி அப்பாவிடம் மூச்சுத்திணறல் உண்டா, தலைசுற்றல் உண்டா என்று மட்டும் கேட்டார். வின்ச்சுக்காரர் தன் கையாலேயே அப்பாவுக்குப் பாதுகாப்பு வார் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அப்பாவும் மகளும் அதிகாரியும் கூடையில் ஏறினார்கள்.

கூடை இறங்கியது. விளக்கு வெளிச்சம் செங்கல் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. எண்பதாவது மீட்டரில் அப்பா கூடையை நிறுத்தச் சொல்லி, ஒரு வரியைத் தடவிப் பார்த்தார்.

“இது நெட்டையன் கை. கரண்டியை முடிக்கிற இடத்துல ஒரு இழுப்பு இழுப்பான். அவன் கூடவே நின்னு வேலை பார்த்திருக்கேன்.”

இன்னொரு இடத்தில், இது இடதுகைக்காரர் வைத்தது, பூச்சின் சாய்வைப் பார் என்றார். அதிகாரி குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். சுவரை அப்பா எழுத்தைப் போல வாசித்துக்கொண்டு இறங்கினார். மகளுக்கு அது வெறும் செங்கல்லாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் நிற்பது போலவும் இருந்தது.

இருநூற்று அறுபதில் குழி குறுகியது. வின்ச் நின்றது. அப்பா விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார்.

“வீங்கின சுவருல வரி உடையும். பூச்சு வெடிக்கும். இங்க எங்கயாவது வெடிச்சிருக்கா, பாருங்க.”

இல்லை. அதிகாரி உற்றுப் பார்த்தார். கீழிருந்து பத்து வரிகள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அதற்கு மேல் ஓர் ஆள் இடுப்புயரத்துக்கு நேர்ச்சுவர். பிறகு பத்து வரிகளில் அதே அளவாகப் பின்வாங்கியது. வட்டம் முழுக்க ஒரே சீர். ஒவ்வொரு செங்கல்லின் ஓரமும் சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தது. செதுக்கியது தான்தான் என்றும், அப்போது இருபத்துநாலு வயது என்றும், உள்ளங்கை இரண்டும் கிழிந்துபோயின என்றும் அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

அந்த இடத்தில் பாறை நொறுங்கிப்போய், நாலாபக்கமும் தண்ணீர் பீறிட்டதாம். மூன்று முறை சுவர் வைத்தார்கள். மூன்று முறையும் சாந்து இறுகுவதற்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கம்பெனி இன்ஜினியர் குழியையே கைவிட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அப்போது மேஸ்திரிதான், தண்ணீரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அதற்கு ஒரு வழி விட்டுவிடுவோம் என்றார். சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, பின்னால் வளையமாக ஒரு வாய்க்கால் விட்டு, சேர்கிற தண்ணீரைப் பக்கத்துச் சுரங்கப்பாதை வழியாக மலையடிவாரத்துக்குத் திருப்பினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று பதினோரு நாள் வேலை. பதினாறு பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

“நாலு இடத்துல அடைப்பு வச்சோம், தண்ணி ஓடுதான்னு பார்க்க” என்று சொல்லி, அப்பா சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்பு மூடி. மகள் குறடு மாட்டித் திருகினாள். அசையவில்லை. அப்பா சுத்தியலை வாங்கி ஓரத்தில் மெதுவாக நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தார். மறுபடி திருகினாள். மூடி கழன்றது. தண்ணீர் சட்டென்று பாய்ந்து மூன்று பேரையும் நனைத்தது. பனிக்கட்டி போல் குளிர்ந்த, கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர்.

அதிகாரி முகத்தைத் துடைக்காமல் நின்றார். அடிவாரத்தில் கோடையிலும் வற்றாமல் ஓடுகிற ஓடையைப் பற்றி அவருக்குத் தெரியும். குழியில் மண்ணைக் கொட்டியிருந்தால் அந்த வாய்க்கால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே மெல்லச் சொல்லிக்கொண்டார். அடியில் ஏன் தண்ணீர் நிற்கவில்லை என்பது மகளுக்கும் விளங்கியது. ஐம்பத்தைந்து வருடமாக இந்த வளையம், பார்க்க ஆளில்லாவிட்டாலும், தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

மூடியைத் திருகி அடைத்தார்கள். மேலே கிளம்புவதற்கு முன் அப்பா சாந்தை விரலால் சுட்டிக் காட்டினார்.

“சும்மா சாந்து வச்சிருந்தா இதுவும் போயிருக்கும். ஈரத்துலயும் பிடிக்கிற மாதிரி ஒரு கலவை வேணும்னு மேஸ்திரி மேல சொல்லியனுப்பினார். மணலை மூணு தரம் சலிச்சு, சேர்மானத்தை மாத்தி மாத்திப் பார்த்து, அஞ்சாம் நாள் ஒரு சித்தாள் பொண்ணு சரியா குழைச்சு அனுப்பிச்சுது. யாருன்னு தெரியுமா?”

“யாருப்பா?”

“உங்கம்மா. அந்தச் சாந்து வந்த அன்னிக்குத்தான், இதைக் குழைச்சது யாருன்னு மேல வந்து விசாரிச்சேன்.”

அவள் சிரித்தாள். தலையில் மாட்டிய விளக்கு ஆடி, வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. கண்ணில் வந்தது சுவரிலிருந்து பாய்ந்த தண்ணீர்தான் என்று அதிகாரி நினைத்திருக்கலாம்.

அடுத்த நடையில் தலைமைப் பொறியாளரும் இறங்கினார். அரை மணி நேரம் கழித்துத் தலைமுடி ஈரமாக மேலே வந்தார். அவரைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வந்தவர் நேராக அப்பாவிடம் போய், தான் எழுதியது தப்பு என்று சொன்னார். அங்கேயே காகிதம் வாங்கி நிரப்பும் உத்தரவை நிறுத்தி வைக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து, திரும்பிப் போயின. வேலியோரம் நின்ற சுரங்கக்காரர்கள் அதை ஊர்வலத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழு மாதத்தில் அரசாணை வந்தது. குழியும் கோபுரமும் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயின. பேருந்து நிலையம் முந்நூறு மீட்டர் தள்ளிப் போனது. வாசலில் இருந்த பழைய கல்லில் கம்பெனித் தலைவர் பெயர் ஒன்றுதான் இருந்தது. புதிதாக ஒரு பலகை வைக்கலாம் என்று அதிகாரி வீட்டுக்கு வந்து சொன்னதும், கொத்தனார்கள் பதினாறு பேரின் பெயரையும் அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, சித்தாள்கள் இருபத்திரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். பலகையில் இடம் போதாது என்று அதிகாரி தயங்கினார். பலகை என்ன ஆகாயத்திலிருந்தா வருகிறது, பெரிதாகச் செய்யுங்கள் என்று அப்பா சொன்னார். பெரிதாகத்தான் செய்தார்கள். முப்பத்தெட்டுப் பெயரும் அதில் இருக்கின்றன. எழுத்துகள் வரிக்கு வரி நேராக இருக்கின்றனவா என்று மகள் நூல் பிடித்துப் பார்த்தாள். தலைமைப் பொறியாளர் பக்கத்தில் நின்று நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

திறப்பு விழாவன்று, பார்வையாளர்களுக்காகப் புதிதாகச் செய்த கூண்டில் முதலில் யார் இறங்குவது என்ற பேச்சு வந்தது. மந்திரி வரை பெயர்கள் அடிபட்டன. அப்பா, தான் பார்த்தாயிற்று, தனக்கு வேண்டாம் என்றார். அந்தக் காலத்தில் பெண்களைக் குழிக்குள் விடமாட்டார்கள். மூன்று வருடம் மேலே நின்று சாந்து குழைத்து வாளி வாளியாக அனுப்பியவள், அது போய் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அம்மாவை மகள் கைபிடித்துக் கூண்டில் ஏற்றினாள். இருநூற்று அறுபதில் நிறுத்தினார்கள். அம்மா சுவரைப் பார்த்தாள். பார்வை மட்டும் போதாதென்று, கையை நீட்டி இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருந்த சாந்தை நகத்தால் அழுத்திச் சுரண்டினாள். ஒரு பொடி உதிரவில்லை. இன்னோர் இடத்தில் சுரண்டினாள். அங்கேயும் இல்லை.

பார்த்தாயிற்றா, மேலே போகலாமா என்று மகள் கேட்டாள்.

“அதுக்குள்ளயா?” என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள். “கீழ விடச் சொல்லு. கடைசி வரைக்கும் பார்த்துட்டுத்தான் வருவேன்.”